தடுப்பு எங்கே என்று தெரிந்த ஊர்

தாம்பரம் ஜி.எஸ்.டி. சாலையில் சனிக்கிழமை இரவு போலீஸ் தடுப்பு எங்கே நிற்கும் என்பது அந்த வழியாக நாள்தோறும் போய்வருகிறவர்களுக்கு ஏறக்குறைய மனப்பாடம். பாலம் இறங்கும் இடம், சிக்னல் தாண்டிய திருப்பம், விளக்கு வெளிச்சமும் அகலமும் உள்ள ஓரம் என்று வசதியான இடங்கள் சில உண்டு. தடுப்பும் அவற்றில்தான் நிற்கும். முன்னால் போன நண்பர் ஒரு போன் அடித்தால் போதும், பின்னால் வருகிறவர் குரோம்பேட்டையிலேயே உள்தெருவுக்குள் வண்டியைத் திருப்பிவிடுவார். குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களுக்கு நம் சட்டம் வைத்திருக்கும் தண்டனை ஒன்றும் லேசானதல்ல. இருந்தும் அதைக் கண்டு யாரும் பெரிதாக அஞ்சுவதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு கோர விபத்துக்குப் பிறகும் ‘அபராதத்தைக் கூட்டு, தூக்கில் போடு’ என்ற குரல் எழுகிறது. கூட்ட வேண்டியது தண்டனையை என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கே, எப்போது ஊதச் சொல்வார்கள் என்று ஓட்டுகிறவரால் கணிக்க முடியாத நிலை வர வேண்டும். பிடிபட்ட பிறகு சட்டம் சொன்னதெல்லாம் ஒன்றுவிடாமல் நடக்கும் என்ற நிலையும் வர வேண்டும். தாம்பரம் மாநகரக் காவலுக்கும் அதன் எல்லைக்குள் வாழும் நமக்கும் இதுவே முதல் வேலை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 185-ஆவது பிரிவின்படி, 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வண்டி ஓட்டுவது குற்றம். இங்கிலாந்தில் இந்த வரம்பு 80 மில்லி கிராம். அதோடு ஒப்பிட்டால் நம் சட்டம் எவ்வளவு கறாரானது என்பது விளங்கும். முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை பிடிபட்டால் சிறை 2 ஆண்டு வரை, அபராதம் 15,000 ரூபாய். 2019 திருத்தத்துக்கு முன்பு முதல் முறைக்கான அபராதம் 2,000 ரூபாய் வரைதான். ஒரே தாவலில் அது ஐந்து மடங்கானது. ஹெல்மெட் போடாததற்குக் கட்டுவதுபோல் சாலையோரத்தில் பணத்தைக் கட்டி முடித்துக்கொள்ளும் குற்றமும் அல்ல இது. நீதிமன்றத்துக்குப் போயே தீர வேண்டும். பிடித்த போலீஸ்காரர் ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பற்றி, அதை ரத்து செய்யவோ முடக்கவோ உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்று 206-ஆவது பிரிவு கட்டளையிடுகிறது. ஒரு முறை தண்டிக்கப்பட்டவர் இதே குற்றத்துக்கு மீண்டும் தண்டிக்கப்பட்டால், அவருடைய உரிமத்தை நீதிமன்றமே ரத்து செய்ய வேண்டும் என்கிறது 22-ஆவது பிரிவு. இவ்வளவும் யார் மீதும் மோதாமல், யாருக்கும் கீறல்கூட விழாமல், வெறுமனே ஓட்டிப் போனதற்கு மட்டும்.

உயிர் போய்விட்டால் கணக்கே வேறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு 5 ஆண்டு வரை சிறை என்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் இது 2 ஆண்டாக இருந்தது. ஆனால், குடித்திருக்கிறோம் என்று தெரிந்தும், இதனால் ஆள் சாகலாம் என்று அறிந்தும் ஓட்டியவரைக் ‘கவனக்குறைவு’ என்ற சொல்லுக்குள் ஒதுங்கவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லிவிட்டது. 2006 நவம்பரில் மும்பை பாந்த்ராவின் கார்ட்டர் சாலையில் நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது கார் ஏறியதில் 7 பேர் இறந்தார்கள். விசாரணை நீதிமன்றம் கவனக்குறைவு என்று கொண்டு 6 மாதச் சிறை விதித்தது. உயர் நீதிமன்றம் அதைக் கொலைக்குற்றம் ஆகாத மரணம் விளைவித்தல் என்று மாற்றி 3 ஆண்டாக உயர்த்தியது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இந்தக் குற்றம் இப்போது நியாய சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவில் இருக்கிறது. மரணம் நேரும் என்று அறிந்தே செய்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை. 106(1) ஜாமீனில் விடக்கூடிய குற்றம், 105 அப்படியல்ல. ஒரே விபத்து இந்த இரண்டில் எந்தப் பிரிவுக்குள் போகும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அன்றிரவு முறையாக எடுத்த, அல்லது எடுக்காமல் விட்ட, ரத்தப் பரிசோதனைதான். இதைப் பற்றிப் பிறகு பேசுவேன்.

சிறையை விட நீண்டு துரத்துவது பணக் கணக்கு. குடித்துவிட்டு ஓட்டியதில் சொந்தக் கார் நொறுங்கினால் இன்சூரன்ஸ் கிடையாது. 2007-இல் டெல்லி இந்தியா கேட் அருகே ஒரு சொகுசு கார் விபத்துக்குள்ளான வழக்கில், 2021-இல் உச்ச நீதிமன்றம் காப்பீட்டு நிறுவனத்தின் பக்கம்தான் தீர்ப்பளித்தது. ஊதவைத்த சோதனை முடிவு இல்லாவிட்டாலும், ஓட்டியவர் போதையில் இருந்தார் என்பதை மற்றச் சூழ்நிலைகளைக் கொண்டு நிறுவலாம் என்றும் சொன்னது. அடிபட்டவருக்கும் இறந்தவர் குடும்பத்துக்கும் தர வேண்டிய இழப்பீடு நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காக, ‘முதலில் நீ கொடு, பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்’ என்று காப்பீட்டு நிறுவனங்களுக்கு நீதிமன்றங்கள் உத்தரவிடுவதுண்டு. அப்படி வசூலிக்க வரும்போது, மாதத் தவணையில் வாங்கிய ஃபிளாட்டும் ஊரில் இருக்கும் நிலமும்தான் கண்ணுக்குத் தெரியும். பத்தாயிரம் ரூபாய் என்ற எண்ணைச் சுற்றியே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்; உண்மையான விலைப்பட்டியலில் அதுதான் ஆகக் கடைசி வரி.

இவ்வளவு கடுமை இருந்தும் ஏன் அச்சம் இல்லை? தண்டனை எவ்வளவு பெரிது என்பதை விட, அது எவ்வளவு நிச்சயம் என்பதே மனிதரைத் தடுக்கிறது என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-லேயே எழுதிவிட்டார். குடிபோதை ஓட்டத்தைப் பொறுத்தவரை இதற்கு நல்ல சோதனைக்களமாக அமைந்தது பிரிட்டன். 1967 அக்டோபரில் மூச்சுப் பரிசோதனைச் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்ததும், வாரக்கடைசி இரவுகளில் விபத்துகள் சட்டென்று சரிந்தன. ஊரெங்கும் பிடிப்பார்கள் என்று மக்கள் நம்பினார்கள். நாளாக ஆக, உண்மையில் ஊதச் சொல்கிறவர்கள் குறைவு என்பது புரிந்தது; விபத்துகள் மெல்லப் பழையபடி ஏறின. சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. பிடிபடுவோம் என்ற கணிப்புதான் மாறியது. 1982 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் வேறு வழியில் போனது. சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாரையும் எங்கும் நிறுத்தி ஊதச் சொல்லலாம் என்று ஆக்கி, அதை ஓயாமல் செய்தது. அங்கே உயிரிழப்பு குறைந்தது, குறைந்தபடியே நின்றது.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று ராஜஸ்தானில் இருக்கிறது. பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகியோர் மற்ற ஆய்வாளர்களுடன் சேர்ந்து, அம்மாநிலக் காவல்துறையின் துணையோடு ஒரு சோதனை நடத்தினார்கள். சில காவல் நிலைய எல்லைகளில், இருப்பதிலேயே சிறந்தது என்று கருதிய ஓர் இடத்தில் மட்டும் இரவுத் தடுப்பு நிலையாக நின்றது. வேறு சில எல்லைகளில் 3 இடங்களுக்கிடையே மாற்றி மாற்றி நின்றது. எந்த நிலையத்துக்கு எந்த முறை என்பதைக் குலுக்கல்போலத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே விளைவை வேறு காரணங்களின் மேல் சுமத்த வழியில்லை. மாறும் தடுப்பு வைத்த இடங்களில் இரவு விபத்துகள் 17 சதவீதமும், இரவு மரணங்கள் 25 சதவீதமும் குறைந்தன. நிலையான தடுப்பு வைத்த இடங்களில் சொல்லும்படியான பலன் எதுவும் இல்லை. அதே போலீஸ், அதே கருவி, அதே சட்டம். ஒரு முறையில் உயிர்கள் பிழைத்தன. மறு முறையில் அதே உழைப்பு வீணாயிற்று. தடுப்பு எங்கே என்று தெரிந்துகொள்ள ஓட்டுநர்களுக்கு அதிக நாள் ஆவதில்லை. தெரிந்துவிட்டால் குடிப்பதை நிறுத்த மாட்டார்கள், பாதையை மாற்றிக்கொள்வார்கள்.

இதைத் தாம்பரத்தின் வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். 2021 நவம்பரில் 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் இணைத்து மாநகராட்சியானது தாம்பரம். 2022-இன் தொடக்கத்தில் ஆவடியுடன் சேர்த்துத் தனி மாநகரக் காவல் ஆணையரகமும் வந்தது. பெயர்ப்பலகை மாறியது, ஊரின் எலும்புக்கூடு மாறவில்லை. ஜி.எஸ்.டி. சாலை ஒன்றுதான் முதுகெலும்பு. அதற்கு இருபுறமும் திட்டமிட்ட சதுரத் தெருக்கள் கிடையாது. ஏரிக்கரைகளையும் பழைய வண்டிப்பாதைகளையும் ஒட்டி வளைந்து வளர்ந்த உள்சாலைகள்தான். முடிச்சூர் சாலை, கேம்ப் ரோடு, அகரம்தென், வேங்கைவாசல், மாம்பாக்கம் என்று பிரதான சாலையை அதிகம் தொடாமலே தெற்குப் புறநகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்விடலாம். இந்தச் சாலைகளில்தான் நடைபாதை இல்லை, விளக்கு குறைவு. மாடு படுத்திருக்கும், தோண்டிய பள்ளம் மூடாமல் கிடக்கும். பெரிய சாலையில் மட்டும் தடுப்பு போட்டால் போதையில் இருப்பவர் வீட்டுக்குப் போகாமல் இருக்கப்போவதில்லை. இன்னும் ஆபத்தான சாலையில் போவார். அதோடு, ஞாயிறு மாலைகளில் புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் வழியாகவும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகவும் திரும்பி வரும் வண்டிகளும் உண்டு. வெள்ளி, சனி இரவு 10 மணி முதல் நள்ளிரவு வரை என்று நேரத்தையும் உறைய வைத்துவிட்டால், இடத்தை மட்டும் மாற்றி என்ன பயன்?

தடுப்பைக் கணிக்க முடிவது முதல் ஓட்டை. இரண்டாவது ஓட்டை, சான்று. சராசரியாக மணிக்கு 15 மில்லி கிராம் என்ற அளவில் ரத்தத்திலிருந்து ஆல்கஹால் இறங்கிக்கொண்டிருக்கும். விபத்து நேரத்தில் 60 மில்லி கிராம் இருந்தவர், 2 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தால் 30-ஐத் தொட்டு நிற்பார். இன்னும் அரை மணி தாமதித்தால் சட்டத்தின் கண்ணில் அவர் குடிக்கவே இல்லை. இந்தப் பிரிவில் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லையேல் விடுவிக்க வேண்டும் என்று 202-ஆவது பிரிவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாயில் நாற்றம், தள்ளாடிய நடை, குழறிய பேச்சு ஆகியவை மட்டும் ஒருவர் போதையில் இருந்தார் என்பதற்குப் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே சொல்லியிருக்கிறது. தாம்பரத்தில் ஒரு விபத்து நடந்தால் அடிபட்டவரை ஒரு மருத்துவமனைக்கும், ஓட்டியவரை வேறொன்றுக்கும் கொண்டுபோவார்கள். எந்தக் காவல் நிலைய எல்லை என்று தீர்வதற்குள் கடிகாரம் ஓடிவிடும். சான்று கையை விட்டுப்போக இதற்கு மேல் யாரும் சதி செய்ய வேண்டியதில்லை. சதியும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை 2024 மே மாதம் புனே காட்டியது. 17 வயதுச் சிறுவன் ஓட்டிய சொகுசு கார் மோதி, இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்த வழக்கில், ரத்த மாதிரியையே மாற்றினார்கள் என்ற குற்றச்சாட்டில் அரசு மருத்துவமனை மருத்துவர்கள் கைதானார்கள். அந்தச் சிறுவனை 300 சொல்லில் கட்டுரை எழுதச் சொன்ன உத்தரவைத்தான் நாடு பேசிச் சிரித்தது. அதைவிட ஆழமாகக் கீறியது மாற்றப்பட்டதாகச் சொல்லப்பட்ட அந்த ரத்தக்குப்பி.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் நாட்டில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள். அதில் குடிபோதையால் என்று பதிவானவை 4,201, அதாவது சுமார் 2.5 சதவீதம். அதிவேகத்தின் பங்கோ 70 சதவீதத்துக்கு மேல். அப்படியிருக்க, இரண்டரை சதவீதத்துக்காக இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு என்று கேட்கலாம். அந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். விபத்துக்கு ஒரு காரணத்தைத்தான் முதல் காரணமாக எழுதுகிறார்கள். குடித்துவிட்டு வேகமாக ஓட்டியவர் ‘அதிவேகம்’ என்ற கட்டத்துக்குள் போய்விடுகிறார். ஏன் அந்த வேகம், ஏன் பிரேக் அடிக்கத் தாமதம் என்று கேட்க ரத்தப் பரிசோதனை வேண்டும். எடுக்காத பரிசோதனை எந்தப் பட்டியலிலும் ஏறாது. தனியாக மரத்தில் மோதி இறந்த பைக் ஓட்டியவர் விஷயத்தில், குடித்திருந்தார் என்று எழுதினால் குடும்பத்துக்கு வர வேண்டிய பணம் நின்றுவிடுமே என்ற இரக்கத்தில் பேனா தயங்கக்கூடும். அந்த இரக்கம் புரிகிறது, ஆனால் அதன் விலை ஒரு பொய்யான புள்ளிவிவரம். அதே 2022-இல் 64,105 விபத்துகளுடன் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு. 17,884 பேர் இறந்தார்கள். இத்தனை பேர் எதனால் செத்தார்கள் என்பதைச் சரியாக அறியாமல் ஒரு மாநிலம் சாலைப் பாதுகாப்புக் கொள்கை வகுக்க முடியாது.

மூன்றாவது ஓட்டை, பிடித்த பிறகு நடப்பது. தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பு உண்டு. சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் 2014-இல் அமைத்த குழுவுக்கு வித்திட்டது கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு அறுவை சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கு. ஒடிந்து வந்த உடல்களை ஒட்டவைத்துக்கொண்டிருந்த மருத்துவர் ஒருவர், உடைக்கும் இடத்திலேயே தடுங்கள் என்று கேட்ட வழக்கு அது. குடிபோதையில் ஓட்டியவரின் உரிமத்தைக் குறைந்தது 3 மாதம் முடக்க வேண்டும், முதல் குற்றத்துக்கே சிறைத் தண்டனை கோர வேண்டும் என்று அந்தக் குழு 2015 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு எழுதியது. ஆனால் நாம் அபராத ரசீதோடு கதையை முடித்துக்கொள்ளவே பழகியிருக்கிறோம். அதையும் ஒழுங்காக முடிப்பதில்லை. அபராதம் கட்டாமல் குவிந்த குடிபோதை வழக்குகளுக்காக, சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023-இல் ஆட்களைப் போனில் அழைத்து நினைவூட்ட வேண்டியிருந்தது. வண்டியையும் சொத்தையும் ஜப்தி செய்ய நீதிமன்ற வாரண்ட் வரை போக வேண்டியிருந்தது. காவல் நிலையம், நீதிமன்றம், வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் என்ற மூன்று மேசைகளுக்கு இடையே ஒரு கோப்பு எங்கே உட்கார்ந்தாலும், அதில் பெயர் உள்ளவர் மறுவாரமும் வண்டி எடுப்பார். அவர் மறுமுறை பிடிபடும்போது அது இரண்டாம் குற்றம் என்பது அந்த நிலையத்துக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் 22-ஆவது பிரிவு ஏட்டுச் சுரைக்காய்தான்.

பத்தாயிரம் ரூபாய் ஏழையைத்தான் நசுக்கும் என்ற எதிர்ப்பு எளிதில் ஒதுக்கக்கூடியதல்ல. சித்தாள் வேலை செய்கிறவருக்கு அது இரண்டு மூன்று வாரக் கூலி. பழைய மொபெட்டை மீட்பதை விட விட்டுவிடுவதே மேல் என்று ஆகிவிடும். ஓ.எம்.ஆர். அலுவலகத்தில் இருப்பவருக்கோ ஒரு வாரக்கடைசிச் செலவு. அபராதத்தை இன்னும் ஏற்றுவோம் என்பவர்கள் இந்தக் கோணலை இன்னும் பெரிதாக்குகிறார்கள். ஆனால் இதற்கு விடை விட்டுவிடுவது அல்ல, வேறு தண்டனைக்கு முதலிடம் தருவது. உரிமம் முடக்கப்படுவது எவருடைய பர்ஸைப் பார்த்தும் வருவதில்லை. மூன்று மாதம் காரைத் தொட முடியாத மேலாளருக்கும், பைக்கை எடுக்க முடியாத தொழிலாளிக்கும் அது கிட்டத்தட்ட ஒரே எடை. டெலிவரி வேலை, கால் டாக்ஸி போன்று ஓட்டுவதே பிழைப்பாக உள்ளவர்களுக்கு அது கூடுதல் சுமைதான். ஆனால் இரவெல்லாம் சாலையில் இருப்பவர் என்பதால் அவர் போதையில் இருந்தால் மற்றவருக்கு ஆபத்தும் கூடுதல். பயணிகளை ஏற்றி ஓட்டுகிறவரிடம் கூடுதல் கண்டிப்பு கேட்பதில் அநீதி எதுவும் இல்லை.

கருவி பொய் சொன்னால் என்ன செய்வது என்பது இன்னொரு கேள்வி. இருமல் மருந்தும் வாய் கொப்பளிக்கும் திரவமும் வாயில் ஆல்கஹாலை விட்டுச்செல்லும். உடனே ஊதினால் எண் எகிறும். கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதினால் அது மறைந்துவிடும், குடித்தது மறையாது. எனவே மறுசோதனை கேட்கும் உரிமையை அந்த இடத்திலேயே சொல்லித் தர வேண்டும். கருவி கடைசியாக எப்போது அளவு சரிபார்க்கப்பட்டது என்பதை ரசீதில் அச்சிட வேண்டும். ஐயம் தீராவிட்டால் ரத்தப் பரிசோதனை. இவை குற்றவாளிக்குத் தரும் சலுகைகள் அல்ல, வழக்கு நீதிமன்றத்தில் நிற்பதற்கான அஸ்திவாரம். உடன் பயணித்தவருக்கும் அபராதம் என்று சென்னைப் போலீஸ் 2022 அக்டோபரில் அறிவித்ததையும் இதே தராசில் வைக்க வேண்டும். அதற்கு ஆதாரமான 188-ஆவது பிரிவு தண்டிப்பது குற்றத்துக்குத் துணைபோவதை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை அல்ல. சாவியைத் தூக்கிக் கொடுத்தவரும், ‘ஒன்றும் ஆகாது மச்சான், எடு’ என்றவரும் துணைபோனவர்கள்தான். நள்ளிரவில் வேறு வழியில்லாமல் பின்னால் ஏறிய மனைவி துணைபோனவர் ஆக மாட்டார். இந்த வேறுபாட்டைப் பார்க்கத் தவறினால், நல்ல சட்டத்தின் மேல் மக்களுக்கு இருக்கும் மதிப்பு கெட்டுவிடும்.

ஆகக் காட்டமான எதிர்ப்பு அரசை நோக்கியது. 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை டாஸ்மாக்கின் ஏகபோகம். 2024-25-இல் அதன் மூலம் கிடைத்த வருவாய் 48,344 கோடி ரூபாய். ‘நீயே விற்பாய், பக்கத்தில் பாரும் வைப்பாய், வெளியே வந்தால் நீயே பிடிப்பாயா?’ என்ற கேள்வியில் உள்ள கசப்பு உண்மையானது. நெடுஞ்சாலையோர மதுக்கடைகளுக்கு எதிராக நாட்டையே உலுக்கிய தீர்ப்பும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான் வந்தது. வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த அந்த வழக்கில், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017 ஏப்ரலில் இங்கே 3,000-க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைகளுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று நீதிமன்றமே விளக்கியது. விளைவு, நகரமாக அறிவிக்கப்பட்ட இடங்களில் ஜி.எஸ்.டி. சாலை போன்ற நெடுஞ்சாலைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போனது. அதிக வண்டிகளும் அதிகப் பாதசாரிகளும் உள்ள இடம் அதுதான் என்பதை நினைத்தால் இந்த விதிவிலக்கின் முரண் உறைக்கும்.

ஆனாலும் இந்த வாதத்தை அதன் முடிவு வரை கொண்டுபோனால் எங்கே போய் நிற்கிறோம்? கடையை மூடிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பவர்கள், 2023 மே மாதம் மரக்காணத்திலும் மதுராந்தகம் பக்கத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் விஷச் சாராயம் எடுத்த உயிர்களை நினைவில் கொள்ள வேண்டும். அவை டாஸ்மாக் இருக்கும்போதே நடந்தவை. சட்டபூர்வமான கடை இல்லாத இடத்தில் என்ன நிரம்பும் என்பதற்கு அவை முன்னறிவிப்பு. மதுவிலக்கு வேண்டுமா என்பது தனி விவாதம். அது முடியும்வரை தெருவில் நடப்பவர் காத்திருக்க முடியாது. குடிப்பது ஒருவர் தன் உடம்போடு செய்துகொள்ளும் ஏற்பாடு. குடித்துவிட்டு ஓட்டுவது மற்றவர் உடம்போடு ஆடும் சூதாட்டம். விற்பவர் குற்றவாளி என்பதால் ஓட்டியவர் நிரபராதி ஆகிவிட மாட்டார். அதே சமயம், விற்கிற அரசுக்குப் பொறுப்பு இரட்டிப்பு. 2006-இல் ஃபுகுவோகாவில் போதையில் ஒருவர் ஓட்டிய கார் இடித்ததில் மூன்று குழந்தைகள் கடலில் விழுந்து இறந்தார்கள். அதற்கு மறுஆண்டே ஜப்பான், ஓட்டப்போகிறவர் என்று தெரிந்தும் மது ஊற்றிக்கொடுத்தவரையும் வண்டி கொடுத்தவரையும் தண்டிக்கும்படி சட்டத்தைத் திருத்தியது. இங்கே ஊற்றிக்கொடுப்பது அரசு உரிமம் பெற்ற பார். வாசலில் இத்தனை இருசக்கர வாகனங்கள் நிற்க அனுமதித்துவிட்டு, அவை எப்படி வீடு போகும் என்று கேட்காமல் இருப்பது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வியாபாரம்.

‘அப்படியானால் எப்படி வீட்டுக்குப் போவது?’ என்ற கேள்வியும் இங்கே நியாயமே. மெட்ரோ விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது. தாம்பரமும் வண்டலூரும் அதற்கு அப்பால். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்துக்கு வெளியூர்ப் பேருந்து முனையம் வந்துவிட்டது. அங்கே வரை மெட்ரோவை நீட்டும் திட்டம் இன்னும் காகிதத்தில். கடைசி மின்சார ரயிலில் தாம்பரம் வந்து இறங்குகிறவர் அங்கிருந்து முடிச்சூருக்கோ மாடம்பாக்கத்துக்கோ போக, ஸ்டாண்டில் விட்டிருக்கும் பைக்கைத்தான் நம்புகிறார். இரவு 10 மணிக்குக் கடை மூடும் நேரத்தில் உள்பகுதிகளுக்குச் சிற்றுந்தும் ஷேர் ஆட்டோவும் ஓடினால், போலீஸ் தடுப்பு பிடிப்பதை விட அதிகம் பேரை அவை பத்திரமாக வீடு சேர்க்கும். டாஸ்மாக் வருவாயில் ஒரு சிறு துளியை ஒதுக்கினாலும் போதும். ஆனால் பேருந்து இல்லை என்பது குடிப்பதற்கு முன்பே தெரிந்த உண்மை; அதைக் குடித்த பிறகு சாக்காகச் சொல்ல முடியாது.

ஆக, தாம்பரம் காவல் ஆணையரகம் புதுச் சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையே இல்லை. இரவுத் தடுப்புக்கு ஒவ்வொரு நிலைய எல்லையிலும் பெரிய சாலையில் ஒன்று, உள்சாலைகளில் இரண்டு என்று இடங்களைக் குறித்துவைத்து, எந்த இரவு எது என்பதை மேலிடத்திலிருந்து அன்று மாலைதான் சொல்ல வேண்டும். தடுப்புக் குழு அங்கே போனதா என்பதை ஜி.பி.எஸ். மூலம் உறுதிப்படுத்த வேண்டும். உயிரிழப்பு நேர்ந்த ஒவ்வொரு விபத்திலும், ஓட்டியவர் உயிரோடு இருந்தாலும் இறந்திருந்தாலும், ரத்த மாதிரி எடுக்கப்பட்ட நேரம் எஃப்.ஐ.ஆர். பதிவோடு சேர வேண்டும். எத்தனை வழக்குப் போட்டோம் என்று மட்டும் சொல்லாமல், எத்தனை உரிமங்கள் முடக்கப்பட்டன, எத்தனை கோப்புகள் எந்த மேசையில் நிற்கின்றன என்பதையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். வழக்கு எண்ணிக்கையை வெற்றியாகக் காட்டுவது சுலபம். நன்றாக நடந்தால் அது ஏறிப் பிறகு இறங்க வேண்டும்.

இத்தனையும் கைகூடியதா என்று தெரிந்துகொள்ள நீதிமன்றத்துக்கோ ஆணையர் அலுவலகத்துக்கோ போக வேண்டியதில்லை. ஏதோ ஒரு வார நாள் இரவு, பார் மேசையில் ஒருவர் எழுந்து சாவியைத் தேடும்போது எதிரில் இருப்பவர், ‘இன்னைக்கு எங்க நிக்கிறாங்கன்னு யாருக்கும் தெரியலைப்பா’ என்று சொல்ல வேண்டும். அவர் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட வேண்டும். அந்த ஒரு நிமிடத் தயக்கத்தை உண்டாக்கத்தான் சட்டப்புத்தகத்தில் இத்தனை பிரிவுகள்.